அநுமதியும் முன்தீர்மானமும்: கால்வினின் பாவ விசாரத்தைப் பராயத்தாதிகரணத்தின் முன் வைத்து ஓர் ஆய்வு

ஈச்வரனுடைய ஸங்கல்பமின்றி ஒரு துரும்பும் அசையாது என்று கொள்ளும் எந்த ஸித்தாந்தமும் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். சேதநன் செய்யும் பாவம் யாருடையது? சேதநனுடையதே என்றால், ஈச்வரனுடைய நியமநத்துக்கு எட்டாத ஓரிடம் உண்டென்று ஒப்பியதாகும். ஈச்வரன் செய்விப்பது என்றால், விதி நிஷேதங்கள் பொருளிழக்கும், தண்டனையும் அநீதியாகும். இக்கேள்வி வேதாந்திகளுக்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்து சமயத்தின் இறையியலாளர்கள் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதனோடு போராடி வந்திருக்கிறார்கள். அவர்களுள் மிகக் கண்டிப்பாக விடை கூறியவர் ஜான் கால்வின் (1509–1564). அவருடைய விடையை நம் வியாக்கியான மரபின் துணைகொண்டு பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விரு மரபுகளையும் ஒப்பிடுவோர் வழக்கமாகச் செல்லும் பாதை ஒன்றுண்டு. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்லும் மார்ஜார நியாயத்தைக் கால்வினோடும், குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் மர்க்கட நியாயத்தை அவருக்கு மாறாக நின்ற ஆர்மீனியஸோடும் இணைத்து, தென்கலையார் இந்தியக் கால்வினியர், வடகலையார் இந்திய ஆர்மீனியர் என்று கூறிவிடுவர். ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ, இந்தியாவின் அருள்நெறியையும் கிறிஸ்து சமயத்தையும் ஒப்பிட்டு 1930-இல் வெளியிட்ட நூல் இவ்விரு நியாயங்களையும் மேலைநாட்டு வாசகர்க்குப் பரவலாக அறிமுகப்படுத்தியது. இந்த இணைப்பில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் பூனையும் குரங்கும் கூறுவது ரக்ஷணத்தைப் பற்றியது: குட்டி எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை. குட்டி ஆபத்தில் எவ்வாறு விழுந்தது என்பதை அவை கூறவில்லை. இறைவனுடைய ஸ்வாதந்த்ர்யத்தைப் பற்றிய ஒரு கொள்கையின் தரம் வெளிப்படுவது பாவ விஷயத்திலேயே. அங்கே வைத்துப் பார்த்தால் மேற்சொன்ன ஒப்பீடு நிலைப்பதில்லை. அது நிலையாமைக்குக் காரணமான நம்முடைய விடையும், தனக்கென ஒரு கடனை நம்மிடம் விட்டுச் செல்கிறது. இவ்விரண்டையும் முறையே காண்போம்.

1. கேள்வியின் கிறிஸ்தவ உருவம்

கிறிஸ்து சமயத்தில் இக்கேள்வி எழும் முறையை முதலில் அறிய வேண்டும். இறைவன் ஒருவனே; அவன் ஸர்வசக்தன்; நன்மையே வடிவானவன். அவன் உலகை எந்த உபாதாநமும் இன்றி, இன்மையிலிருந்து படைத்தான். படைத்தவை யாவும் நல்லவையாகவே இருந்தன. ஆத்மா நித்யமன்று, படைக்கப்பட்டது. அதற்கு ஒரே பிறவி. அதன் முடிவில் நித்ய வாழ்வோ நித்ய தண்டனையோ வாய்க்கும். இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால், பாவத்துக்கு ஒரு தொடக்க நாள் உண்டென்பது தெளிவாகும். அதுவே ஆதாமின் மீறல். நல்லவனால் நல்லவனாகப் படைக்கப்பட்ட ஒருவன், முன்வினையோ வாஸனையோ எதுவுமின்றி, எங்ஙனம் தீமையை விரும்பினான் என்பதே அவர்களுடைய கேள்வியின் கூர்முனை.

வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராயிருந்த அகுஸ்தீன் (354–430) இதற்கு அளித்த விடை பிற்காலத்தார் அனைவர்க்கும் அடிப்படையாயிற்று. தீமை ஒரு பொருளன்று, நன்மையின் குறைபாடே. எனவே இறைவன் அதைப் படைத்தான் என்று சொல்ல இடமில்லை. மேலானதை நோக்கியிருக்க வேண்டிய மனித விருப்பம் தன்னையே நோக்கித் திரும்பியதுதான் பாவம். அதன் வேர் அகந்தை. வீழ்ச்சிக்கு முன் மனிதனால் பாவம் செய்யாதிருக்க முடிந்தது. வீழ்ச்சிக்குப் பின் அது முடியாது. மனிதன் தன் முயற்சியாலேயே நேர்மையுற வாழலாம் என்று கூறிய பெலேஜியஸின் கொள்கையை 418-இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் கண்டித்தது. ஆயினும், வீழ்ந்த மனிதர் அனைவரும் ஒரே நிலையிலிருக்கச் சிலருக்கு மட்டும் அருள் கிட்டுவது ஏன் என்ற கேள்விக்கு, அது இறைவனுடைய மறைந்த தீர்ப்பு என்பதற்கு மேல் அகுஸ்தீன் செல்லவில்லை. 529-இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் அருளின் முதன்மையை உறுதி செய்தது. அதே சமயம், சிலரைத் தீமைக்கென்றே இறைவன் முன்குறித்தான் என்னும் கருத்தை வெளிப்படையாக மறுத்தது.

2. கால்வின் மறுத்த 'அநுமதி'

கால்வினின் பெருநூலான 'இன்ஸ்டிட்யூட்ஸ்' 1536-இல் சிறு நூலாக வெளிவந்து, 1559-இல் நான்கு புத்தகங்களும் எண்பது அத்தியாயங்களும் கொண்டதாக வளர்ந்தது. முதற் புத்தகத்தின் 16 முதல் 18 வரையுள்ள அத்தியாயங்கள் இறைவனின் ஆட்சியைப் பற்றியவை. மூன்றாம் புத்தகத்தின் 21 முதல் 24 வரையுள்ளவை முன்குறித்தலைப் பற்றியவை. இவ்விரு பகுதிகளும் சேர்ந்தே அவருடைய பாவ விசாரம் முழுமை பெறுகிறது.

அவருக்கு முன்னிருந்தோர் பலர், இறைவன் நன்மையைச் செய்கிறான், தீமையை அனுமதிக்கிறான் என்று பிரித்துக் கூறி வந்தனர். இப்பிரிவைக் கால்வின் ஏற்கவில்லை. வெறும் அநுமதி என்றால், இறைவன் காவற்கோபுரத்தில் அமர்ந்து கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவன் ஆவான். அவனுடைய தீர்ப்புகள் மனிதருடைய விருப்பத்தை எதிர்பார்த்து நிற்கும் என்பது அவருடைய ஆக்ஷேபம். இதற்கு ஆதாரமாக வேத நூலின் நிகழ்ச்சிகளையே அவர் காட்டுகிறார். யோபுவின் ஒட்டகங்களைக் கல்தேயர் கவர்ந்து சென்றனர். அச்செயலில் கள்வரும் உண்டு, சாத்தானும் உண்டு, இறைவனும் உண்டு. செயல் ஒன்றே, கருத்துகள் மூன்று. கள்வர் பொருளாசையால் செய்தனர். சாத்தான் யோபுவைக் கெடுக்க எண்ணினான். இறைவனோ தன் அடியவனைப் புடமிட எண்ணினான். யோசேப்பை அவன் சகோதரர் விற்றதும், இயேசு சிலுவையில் அறையப்பட்டதும் இவ்வாறே. ஒரே செயல் கருத்தின் வேற்றுமையால் ஒருவர்க்குக் குற்றமாகவும் மற்றொருவர்க்குக் குற்றமற்றதாகவும் ஆகும் என்பது அவர் நிலை. சூரியனின் வெப்பத்தால் பிணம் நாறுகிறது. ஆயினும் கிரணங்கள் நாறுகின்றன என்று எவரும் சொல்வதில்லை என்னும் திருஷ்டாந்தத்தையும் அவர் தருகிறார்.

இதில் கால்வின் எதைக் காக்க முயல்கிறார் என்பதை நாம் நேர்மையுடன் அறிய வேண்டும். துன்பத்தில் இருக்கும் அடியவன், தன்னைத் துன்புறுத்துவோர் இறைவன் கைக்கு அப்பாற்பட்டவர் என்று எண்ணினால் அவனுக்கு ஆறுதலுக்கு இடமேயில்லை. தன் மீது வீசப்பட்ட கல்லும் தன் தலைவன் அறியாமல் வந்ததன்று என்னும் தெளிவே அவனைத் தாங்கும். இது நமக்கு அந்நியமான உணர்வன்று. ஸர்வ ரக்ஷகன் என்ற சொல்லின் பொருளை ஆழ்ந்து நினைப்பவர் எவரும் இதை மதிப்பர்.

ஆயினும் இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. கல்தேயரின் பேராசையை வெப்பம் பட்ட பிணத்தின் நாற்றம் என்று சொல்லலாம். அங்கே பிணம் முன்னரே இருக்கிறது. ஆதாமோ பிணமல்லன், புதிதாகப் படைக்கப்பட்ட உயிருள்ளவன். அவன் எப்படி அழுகினான்? இங்கே கால்வின் பின்வாங்கவில்லை. ஆதாமின் வீழ்ச்சியும் இறைவனுடைய நித்ய ஸங்கல்பத்தில் அடங்கியதே என்கிறார். அந்தத் தீர்மானம் அச்சம் விளைப்பது என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். பின் ஏன் அவ்வாறு ஸங்கல்பித்தான் என்று கேட்டால், இறைவனுடைய விருப்பமே நீதிக்கு அளவுகோல். அதற்கு மேல் காரணம் தேடுவது முறையன்று என்று ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் குயவன்–களிமண் உவமையில் வந்து நிற்கிறார். நியாயமற்ற வல்லமை ஒன்றை இறைவனுக்கு ஏற்றிக் கூறுவதை அவர் வெறுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இறைவன் நீதிமான், அந்நீதி நம் அறிவுக்கு எட்டாதது என்பதே அவர் கூற்று.

அவர் காலத்திலேயே இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1547-இல் டிரென்ட் சங்கத்தின் ஆறாம் அமர்வு, யூதாஸின் துரோகமும் பவுலின் அழைப்பைப் போலவே இறைவனுடைய சொந்தச் செயல் என்று கூறுவோரைச் சபித்தது. தீமையில் இறைவனுக்குள்ளது அநுமதி மட்டுமே என்னும் பிரிவை அது காத்து நின்றது. ஜெனீவாவில் மருத்துவராயிருந்த ஜெரோம் பொல்செக், இக்கொள்கை இறைவனையே பாவத்துக்குக் கர்த்தாவாக்குகிறது என்று 1551-இல் பொதுக்கூட்டத்தில் எழுந்து கூறினார்; அதற்காகச் சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டார்.

3. பராயத்தாதிகரணத்தின் அநுமதி

கால்வினின் முன் இருந்தவை இரண்டே வழிகள்: பார்த்துக்கொண்டிருக்கும் இறைவன் ஒன்று, தீர்மானிக்கும் இறைவன் மற்றொன்று. முதலாவது ஆட்சிக்குக் குறைவென்று கண்டு இரண்டாவதைக் கொண்டார். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் காட்டும் அநுமதி இவ்விரண்டிலும் அடங்காதது.

ப்ரஹ்ம ஸூத்ரத்தின் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், ஜீவனுடைய கர்த்ருத்வம் பரமாத்மாவுக்கு அதீநமானது என்று முதலில் நிலைநாட்டப்படுகிறது. அப்படியாயின் விதி நிஷேதங்கள் வீணாகுமே என்ற சங்கை எழ, ஜீவன் செய்த முதல் முயற்சியை அபேக்ஷித்தே அந்தர்யாமி அநுமதி அளித்து அவனை ப்ரவர்த்திப்பிக்கிறான் என்று அடுத்த ஸூத்ரத்துக்கு உரை கூறப்படுகிறது. இதற்கு எம்பெருமானார் தரும் திருஷ்டாந்தம் உலக வழக்கிலிருந்து எடுத்தது. இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவன் மூன்றாமவனுக்கு மாற்றிக்கொடுக்க விரும்பினால், மற்றவனுடைய அநுமதியின்றி அது நடவாது. ஆயினும் அந்த அநுமதியைக் கேட்டுப் பெற்றவன் அவனே ஆதலால், அதன் பலன் அவனையே சேரும்.

இந்த அநுமதி கோபுரத்திலிருந்து பார்ப்பதன்று. உடலும் இந்திரியங்களும் விரும்பும் ஆற்றலும் அவன் தந்தவை; அவற்றுக்கு ஆதாரமாய் உள்ளே நிற்பவனும் அவனே; அவன் இசையாவிடில் விரல் நுனியும் அசையாது. எனவே ஆட்சிக்குக் குறைவில்லை. இசைவு பெற்றது ஜீவனுடைய முயற்சி. எனவே குற்றம் ஜீவனுடையது. உதாஸீநனாய் நிற்கும் நிலை, அநுமந்தாவாகும் நிலை, மேலும் செலுத்தும் நிலை என்று நம் உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டுவது, கால்வின் ஒன்றாக்கிவிட்ட இடங்களை வேறுபடுத்திக் காண்பதற்கே.

திருஷ்டாந்தம் ஒரு தேசத்தில் மட்டும் பொருந்துவது என்பதையும் மறத்தலாகாது. பங்காளிகள் இருவரும் ஸமமானவர். ஜீவனோ சேஷபூதன், ஈச்வரனுக்கு சரீரமாயிருப்பவன். மேலும், தடுக்க வல்லவனாயிருந்தும் தீய செயலுக்கு இசைந்த பங்காளியை உலகம் குற்றம் சொல்லும். இந்த ஆக்ஷேபத்தை எம்பெருமானார் தாமே எழுப்பிக்கொள்கிறார். இரண்டாம் பாதத்தின் தொடக்கத்தில் ஸாங்க்யரை மறுக்கும் இடத்தில், பாவத்துக்கு அநுமதி அளிப்பது தயைக்கு விரோதமாகாதா என்ற கேள்விக்கு விடையாக, தன் ஆணையை மீறத் துணிந்து நிற்பவனிடமும் காட்டப்படும் தயை குணமாகாது, ஆள்பவனுக்குக் குறையே ஆகும் என்று உரைக்கிறார். தயை, நீதி இவற்றின் உறவைப் பற்றிய இந்த வாக்கியத்தைக் கால்வினும் மனமுவந்து ஏற்பார். இருவரும் இவ்வளவு நெருங்கி வரும் இடம் வேறில்லை எனலாம்.

4. பார்வோனும் கௌஷீதகியும்

இரு மரபுகளின் வேதங்களிலும் இவ்விஷயத்தில் அச்சந்தரும் வாக்கியம் ஒவ்வொன்று உண்டு. யாத்திராகமத்தில் இறைவன் பார்வோனுடைய இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்று வருகிறது. கௌஷீதகி உபநிஷத்தின் மூன்றாம் அத்தியாயத்திலோ, எவனை உயர்த்த விரும்புகிறானோ அவனை நல்வினை செய்விப்பதும், எவனைத் தாழ்த்த விரும்புகிறானோ அவனைத் தீவினை செய்விப்பதும் அவனே என்ற கருத்து வருகிறது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது பார்வோன் கதையையும் விஞ்சியது.

எம்பெருமானார் இந்த ச்ருதியை மறைக்கவில்லை. அதே ஸூத்ரத்தின் உரையில் எடுத்து விசாரிக்கிறார். இது எல்லார்க்கும் பொதுவான விதியன்று, விசேஷ விஷயம். பகவானுக்கு உகப்பானதையே செய்வதென்று உறுதி பூண்டு நிற்பவனுக்கு, நல்வினைகளில் ருசியைத் தானே பிறப்பித்து அநுக்ரஹிக்கிறான். அவனுக்கு மிகவும் விரோதமாகவே நிற்பதென்று துணிந்தவனுக்கு, அவ்வழியிலேயே ருசியைப் பிறப்பித்து நிக்ரஹிக்கிறான். ஆக, கடினப்படுத்துதல் தொடக்கமன்று. தொடங்கிவிட்ட ஒன்றுக்கு விடையாக வருவது.

பார்வோன் கதையிலும் இவ்வாறு படிக்க இடமுண்டு. முதல் வாதைகளின்போது அவன் தானே இருதயத்தைக் கடினப்படுத்திக்கொண்டான் என்ற சொற்கள் வருகின்றன. ஆறாவதாகிய கொப்புள வாதையின் பின்னரே கர்த்தர் கடினப்படுத்தினார் என்ற சொல் வருகிறது. கிறிஸ்தவ உரையாசிரியர் பலர் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு இறைவனைக் குற்றத்தினின்று விடுவித்தனர். ஆயினும் வாதைகள் தொடங்கு முன்னரே, அவன் இருதயத்தைத் தான் கடினப்படுத்தப் போவதாக மோசேயிடம் கர்த்தர் சொல்லும் இடங்களும் அந்நூலில் உண்டு. கால்வின் இவற்றைப் பற்றி நிற்கிறார். இரண்டு வாசிப்புக்கும் நூலில் இடமிருக்க, எதைக் கொள்வது என்பதைப் பார்வோன் கதை தீர்மானிப்பதில்லை. ஆதாம் கதையே தீர்மானிக்கிறது.

5. மூடப்பட்ட ஒரு வாசல்

அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த ஓரிகன் மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த பேரறிஞர். பார்வோனைப் பற்றி அவர் கூறும் ஸமாதாநம் நம் வாசகர்க்கு வியப்பளிக்கும். ஒரே மழை, உழுத நிலத்தில் பயிரையும் உழாத நிலத்தில் முள்ளையும் வளர்க்கிறது. ஒரே வெயில், மெழுகை உருக்கிக் களிமண்ணை இறுக்குகிறது. வேறுபாடு நிலத்தினுடையது, மழையினுடையதன்று. மேகம் பொதுக் காரணம், வித்தின் வேறுபாடே பயிரின் வேறுபாட்டுக்குக் காரணம் என்று வைஷம்ய நைர்க்ருண்ய விசாரத்தில் வேதாந்திகள் எடுத்தாளும் திருஷ்டாந்தமும் இதுவே.

நிலங்கள் வேறுபட்டது எப்படி என்ற அடுத்த கேள்வியையும் ஓரிகன் தவிர்க்கவில்லை. தாய் வயிற்றிலிருக்கும்போதே யாக்கோபு விரும்பப்பட்டு ஏசா வெறுக்கப்பட்டதற்கு, இப்பிறவிக்கு முன் அவ்வாத்மாக்கள் செய்தவையே காரணம் என்று கூறினார். இல்லையேல் இறைவனுக்குப் பக்ஷபாதம் வரும் என்பதே அவர் வாதம். இது வேதாந்தியின் வாதத்தோடு சொல்லுக்குச் சொல் ஒத்தது. ஆயினும் அவருடைய திருச்சபை இவ்வாசலைத் திறந்து வைக்கவில்லை. ஆத்மாக்கள் உடலுக்கு முன் இருந்தன என்னும் கொள்கையைப் பேரரசர் ஜஸ்டீனியன் 543-இல் வெளியிட்ட ஆணை கண்டித்தது. அதன்பின் ஆதாமுக்கு முன் செல்ல அவர்களுக்கு வழியில்லை.

வாசல் மூடியபின் எஞ்சியவை இரண்டு பாதைகள். ஒன்று கால்வினுடையது. மற்றொன்று, ஆதாமின் செயல் அவனுடைய சுதந்திரத்தில் மட்டுமே வேரூன்றியது என்பது. ஸ்பெயின் நாட்டு இயேசு சபையினரான மொலினா 1588-இல் வெளியிட்ட நூலில், எந்தச் சூழ்நிலையில் எவன் எதைச் சுதந்திரமாகச் செய்வான் என்பதை இறைவன் தன் ஸங்கல்பத்துக்கு முன்னரே அறிவான் என்று கூறி இப்பாதையைச் செப்பனிட்டார். அப்படி அறிந்தும் அச்சூழ்நிலையில் அவனை வைத்தது ஏன் என்ற கேள்வி உடனே எழுந்தது. டொமினிக்க சபையாரும் இயேசு சபையாரும் இதுபற்றிப் பல ஆண்டுகள் வாதிட, 1607-இல் போப்பாண்டவர் ஐந்தாம் பவுல் முடிவு கூறாமலே விவாதத்தை நிறுத்தி, ஒருவரையொருவர் தூஷிக்கலாகாது என்று விதித்தார். சீர்திருத்தச் சபையாரிடையே ஆர்மீனியஸின் (1560–1609) வழிவந்தோர் எழுப்பிய ஐந்து ஆக்ஷேபங்களை 1618–19-இல் டார்ட் நகரில் கூடிய சங்கம் தள்ளியது. அச்சங்கமும் இறைவன் பாவத்துக்குக் கர்த்தா அல்லன் என்றே உறுதியாகக் கூறியது. அது எங்ஙனம் என்பதே தீராத பிணக்காயிற்று.

நம் ஸூத்ரகாரர் இந்த இடத்தைக் கண்டே இருந்தார். ஸ்ருஷ்டிக்கு முன் பிரிவு இல்லாததால் கர்மமும் இல்லையே என்ற ஆக்ஷேபத்தை எழுப்பி, ஜீவர்களும் அவர்களுடைய கர்ம ப்ரவாஹமும் அநாதி என்று விடை கூறுகிறார். முதல் பாவம் என்று ஒன்றில்லை. எனவே முதல் பாவத்துக்குக் கர்த்தா யார் என்ற கேள்வியும் இல்லை. ஓரிகனுடைய விடையிலும் இந்த வலிமை இல்லை. ஏனெனில் அவர் கூறிய ஆத்மாக்களும் படைக்கப்பட்டவையே. அவற்றுக்கும் ஒரு முதல் மீறல் உண்டு. பராயத்தாதிகரணத்தின் 'முதல் முயற்சி' என்பதும் காலத்தால் முதலாவதன்று, ஒவ்வொரு செயலிலும் அநுமதிக்கு முன்னிற்பது. அதற்குப் பின்னே அநாதி வாஸனை நிற்பதால் அது ஈச்வரனைச் சுட்டுவதில்லை. கால்வினிடம் அநுமதி நிலைக்காமல் போனதும், எம்பெருமானாரிடம் நிலைத்ததும் இந்த ஒரு வேற்றுமையால் என்பதே நாம் கண்ட முடிவு.

6. நமக்கு எஞ்சும் கடன்

இத்துடன் நிறுத்தி வெற்றி கொண்டாடுவது எளிது. ஆனால் அநாதித்வம் நீக்குவது ஈச்வரன் மீதான குற்றத்தை மட்டுமே. கேள்வியை முழுதும் நீக்குவதில்லை. ஸர்வசக்தனும் பரம காருணிகனுமான எம்பெருமான், நினைத்த மாத்திரத்தில் எல்லாரையும் கரையேற்ற வல்லவன். அங்ஙனமிருக்க, தொடக்கமற்ற காலமாக இத்தனை ஜீவர்கள் ஸம்ஸாரத்தில் உழல்வது ஏன்? 'ஏன் பாவம்?' என்ற கேள்வி போய், 'ஏன் எல்லாருமல்லர்?' என்ற கேள்வி வந்து நிற்கிறது. கால்வினைப் படித்த கிறிஸ்தவர் ஒருவர் இதை நம்மிடம் கேட்டால், அது உங்கள் கேள்வி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

நம் ஆசாரியர்கள் இதை ஒதுக்கவுமில்லை. கிருபைக்கு ஒரு வ்யாஜமும் வேண்டாவெனில் ஸர்வ முக்தி ப்ரஸங்கிக்கும், அல்லது பக்ஷபாத தோஷம் வரும் என்று கண்டே வேதாந்த தேசிகர் வ்யாஜத்தை வற்புறுத்தினார். பிள்ளை லோகாசார்யர் கிருபை நிர்ஹேதுகம் என்பதில் உறுதியாக நின்றார். ஆயினும் அவர் காட்டும் ஈச்வரன் காரணமின்றிச் சிலரைத் தள்ளுபவன் அல்லன். தன் திவ்யதேசத்தின் பேரை ஒருவன் ஏதோ பேச்சில் சொன்னதையும், அடியார் ஒருவருடைய விடாய் தன்னால் தீர்ந்ததென்று அறியாமலே ஒருவன் அதைத் தீர்த்ததையும் ஸுக்ருதமாகக் கணக்கிட்டுக்கொண்டு, கைக்கொள்ள வழி தேடித் திரிபவன். இவ்விருவர்க்குமுள்ள பேதம் பெரிது. அதை இங்குத் தீர்க்கப் புகவில்லை. இருவரும் ஒருமித்து நிற்கும் இடமே நமக்கு இப்போது வேண்டுவது. எந்த ஜீவனையும் தள்ளுவதற்கென்று குறித்த ஸங்கல்பம் எம்பெருமானிடம் இல்லை. எந்தக் கதவும் என்றென்றைக்குமாக மூடப்படவில்லை. நரகமும் முடிவுடையது.

ஆகவே தென்கலை ஸம்ப்ரதாயத்தைக் கால்வினோடு இணைப்பது பெயரளவிலேயே பொருந்தும். இரண்டிலும் ஸ்வாதந்த்ர்யம் என்ற சொல் உண்டு. கால்வினிடம் அது கொள்ளுதல், தள்ளுதல் என்னும் இரு திசையிலும் ஒருங்கே நித்யமாகச் செல்கிறது. பிள்ளை லோகாசார்யரிடம், தண்டிக்க வல்ல ஸ்வாதந்த்ர்யத்தின் முன் பிராட்டியின் புருஷகாரம் நிற்கிறது. குற்றத்தையே போக்யமாகக் கொள்ளும் வாத்ஸல்யம் நிற்கிறது. வேதாந்த ஸம்ப்ரதாயங்களுள் கால்வினுக்கு அருகில் வருவது எதுவெனில், ஜீவர்களுக்குள் ஸ்வபாவத்தாலேயே தாரதம்யம் கொண்டு, நித்ய தமஸ்ஸுக்கு உரியோரும் உளர் என்னும் மத்வாசார்யருடைய கொள்கையே. அங்கும் அந்த யோக்யதை ஈச்வரனால் படைக்கப்பட்டதன்று என்ற வேற்றுமை நிற்கும்.

7. பாவம் என்பது எது?

ஓட்டோ தம் நூலில், இந்தியாவின் பக்தியிலும் மெய்யான அருள் உண்டென்று ஒப்புக்கொண்டார். ஆயினும் அதன் அச்சு வேறு என்றார். இந்தியர் தேடுவது பந்தத்தினின்று விடுதலை. கிறிஸ்தவர் தேடுவது குற்றத்தினின்று விடுதலை என்பது அவர் கணிப்பின் சாரம். கர்மத்தை அநாதி என்று சொல்பவர்க்குக் குற்றவுணர்வு மெலிந்தே இருக்கும் என்ற எண்ணம் இதனுள் மறைந்திருக்கிறது. இவ்வெண்ணத்தைப் பரிசீலிக்காமல் விடலாகாது. ஏனெனில் அது உண்மையானால், மேலே நாம் பெற்ற தர்க்க லாபம் ஆத்ம நஷ்டமாகிவிடும்.

சரணாகதி கத்யத்தைப் பார்த்தால் அவ்வெண்ணம் நிலைக்காது. செய்ததும் செய்வதும் செய்யப்போவதுமான அபசாரங்களை, பகவதபசாரம், பாகவதாபசாரம், அஸஹ்யாபசாரம் என்று பிரித்துச் சொல்லிப் பொறுத்தருள வேண்டுகிறார் எம்பெருமானார். அபசாரம் என்பது ஒருவரை நோக்கிச் செய்யப்படுவது. அறிவற்ற ஒரு நியதியை மீறுவதற்கு அப்பெயர் பொருந்தாது. புண்ய பாபங்கள் என்பவை பகவானுடைய ப்ரீதியும் அப்ரீதியுமே என்பது நம் ஸித்தாந்தம். பாவங்களுக்கெல்லாம் வேராக நம் பூர்வர்கள் காட்டுவது ஆத்மாபஹாரம்: அவனுடையதான ஆத்மாவைத் தன்னுடையதென்று எண்ணும் களவு. அகுஸ்தீன், விருப்பம் தன்னையே நோக்கித் திரும்பியது என்று கூறியதும் ஏறக்குறைய இதுவே. அவருக்கு அது ஒரு நாளில் தொடங்கியது. நமக்கு அது தொடக்கமற்றது. தொடக்கமற்ற களவு என்பதால் களவின் கனம் குறையாது. மீட்க வந்தவனை எத்தனை காலமாக மறுத்தோம் என்று எண்ணும்போது அது கூடவே செய்யும்.

இதிலிருந்து ஒரு நியமமும் பிறக்கிறது. அநாதி கர்மம் என்ற விடை, ஈச்வரனிடம் வைஷம்யம் இல்லை என்று தெளிவதற்காக சாஸ்திரம் தந்தது. அடுத்தவனுடைய துன்பத்தைக் கண்டு, அது அவன் கர்மம் என்று சொல்லி நகர்வதற்காகத் தந்ததன்று. தன் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு, தனக்குக் கிடைத்த நன்மையை அவன்மேல் ஏற்றிச் சொல்வது ஆழ்வார்களும் ஆசாரியர்களும் நைச்யாநுஸந்தாநத்தில் நடந்து காட்டிய முறை. கால்வினும் பொல்செக்கும் ஜெனீவாவில் மோதிக்கொண்டதும் இதே இரண்டையும் ஒருங்கே காக்க இயலாமலே: ஒருவர் நன்மை முழுதும் அவனுடையது என்பதைக் காத்தார், மற்றவர் குற்றம் அவனுடையதன்று என்பதைக் காத்தார். அநுமதி என்ற சொல்லை எம்பெருமானார் வைத்த இடத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் ஒருசேர நிற்கும். கிறிஸ்தவ அறிஞரோடு இவ்விஷயத்தை உரையாட விரும்பும் நம்மவர், பூனையையும் குரங்கையும் சற்றே ஒதுக்கிவிட்டுப் பராயத்தாதிகரணத்திலிருந்து தொடங்குவது நலம். அவர்கள் பதிலுக்கு, 'ஏன் எல்லாருமல்லர்?' என்று கேட்கும்போது, அதை நம் இரு கலையாரும் இன்னும் தமக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியாகவே அவர்கள்முன் வைப்பது நேர்மை.